வெள்ளிக்கிழமை எரர்

மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும் எரர் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. என்னிடம் வேலை பார்த்த உங்கள் வயசுப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். "ரீரன் பண்ணேன் மேடம், ஓடிடுச்சு" என்று வந்து சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருக்கும். முதலில் ஏன் விழுந்தது என்று கேட்டால் அந்த வெளிச்சத்தைக் காணோம். பிறகு என்னைப் பார்த்தாலே வராந்தாவில் வேறு பக்கமாக நடப்பார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். மென்பொருளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அது எத்தனையோ முறை சட்டை மாற்றிவிட்டது, இன்றைக்கு என்னிடம் கொடுத்தால் எங்கே நுழைவது என்றே தெரியாது. ஒரே ஒரு எரரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதைத் துரத்திக்கொண்டு நான் போன தூரம் சிஸ்டம் அறையிலிருந்து எடை மேடை வரைதான். ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் நான் சிஸ்டம் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். பெரிய கணக்கு மென்பொருள் வந்த புதிது. உரம் வந்தாலும் அதில் ஏற்ற வேண்டும், லாரி வந்தாலும் அதில் ஏற்ற வேண்டும், கேன்டீனுக்குக் காய்கறி வந்தாலும் அதில் ஏற்ற வேண்டும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் அதில் ஒரு ஜாப் ஓடும். யாரும் முன்னால் உட்கார்ந்து பட்டன் தட்ட வேண்டாம். தானே எழுந்து, வேலையைப் பார்த்து, தானே படுத்துக்கொள்ளும். காலையில் எடை ஏறிய கரும்பை எல்லாம் அந்தந்த விவசாயி கணக்கில் சேர்க்கும். அதை முடித்த கையோடு அடுத்து யார் வயலில் வெட்டலாம் என்று வெட்டு உத்தரவு வெளியிடும். உத்தரவு எண் குறுஞ்செய்தியாகப் போனால்தான் வெட்டு ஆள்கள் கத்தியைத் தொடுவார்கள், லாரியும் வயலுக்குக் கிளம்பும்.

இந்த ஜாப் வெள்ளிக்கிழமைகளில் விழும். மற்ற நாளெல்லாம் சமர்த்தாக ஓடும். வெள்ளிக்கிழமை பாதி வழியில் நின்று, விவசாயி கணக்கைத் திறக்க முடியவில்லை என்று நீளமாக எதையோ எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிடும். சாப்பிட்டு வந்து யாராவது பார்ப்பார்கள், மறுபடி ஓட்டுவார்கள், ஓடிவிடும். உத்தரவு கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். எங்கள் பிரிவில் அதற்கு வெள்ளிக்கிழமை எரர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு விஷயத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அது நமக்குப் புரிந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது பாருங்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கணக்குப் பிரிவில் வெள்ளிதோறும் பூஜை உண்டு, சாம்பிராணிப் புகை சர்வர் அறைக்குள் போகிறது என்றார் ஒருவர். நான் பூஜையைக் காலையிலேயே முடிக்கச் சொன்னேன். ஜாப் விழுந்தது. அந்த நேரத்தில்தான் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் எல்லாம் ஓடும், வோல்டேஜ் இறங்குகிறது என்றார் எலக்ட்ரீஷியன். அப்படியானால் வியாழக்கிழமை யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லையா என்று கேட்டேன், கோபித்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் விழவே இல்லை. அன்று முழுக்க என் மண்டை குடைந்தது. விழுகிறதுக்குக் காரணம் தேடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அன்று மட்டும் ஏன் விழவில்லை? உடன் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நன்றாக ஓடியதற்குக் கவலைப்படுகிற ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அது விழுகிறபோது நாங்கள் ஒருவருமே இடத்தில் இருப்பதில்லை. திரும்பி வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. திருடன் போன பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு டப்பாவை மேசை மேலேயே வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்துத்தான் அஞ்சலை வந்தார்.

கரும்பு அலுவலர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் வயல். விடியற்காலையில் மின்கம்பி உரசிப் பொறி விழுந்து, நின்ற கரும்பு முழுக்கத் தீப்பிடித்துவிட்டது. புடவையில் கரி, கண் சிவந்திருந்தது. எரிந்த கரும்பைப் பற்றி உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓலைதான் போகும், தண்டு நிற்கும். ஆனால் உடனே வெட்டி அரைத்துவிட வேண்டும். விட்டால் சாறு புளிக்கும், கரும்பு சுண்டும், இன்னும் நாள் போனால் ஆலை வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வருஷப் பாடு அது. கரும்பு அலுவலர் தீ விபத்து என்று பதிந்து அவர் பெயரை முதலில் போட்டுவிட்டார். ஜாப் ஓடி எண் வரவேண்டியதுதான் பாக்கி.

"வெட்டு ஆளுங்க இன்னிக்கி மலைக்குப் போறாங்கம்மா" என்றார் அஞ்சலை. "வெள்ளிமலைப் பக்கம் அவங்க ஊருல திருவிழா. சாயங்காலம் பஸ்சு ஏறிட்டா இறங்கி வர நாளாவும். இப்பவே நம்பரு வந்துச்சின்னா வெட்டிட்டுப் போறோம்னு மேஸ்திரி சொல்றாரு."

கையால் ஒரு உத்தரவு எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கரும்பு அலுவலர் அந்த மேஸ்திரிக்கே போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "போன வருசம் அப்படித்தான் ஒருத்தரு எழுதிக் குடுத்தாருங்க. வெட்டிப் போட்டோம். அது கம்ப்யூட்டர்ல இல்லைன்னு கூலி இழுத்துக்கினு கெடந்துச்சி. நம்பரு வரட்டுங்க, அடுத்த நிமிசம் கத்திய எடுக்கிறோம். இல்லாங்காட்டி எங்க சாமிய நாங்க வுட முடியுமா?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஜாப் ஓடத் தொடங்கியது. அஞ்சலை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்தார், அதில் அவருக்கு என்ன தெரிந்ததோ. கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது, காத்திருந்தது, விழுந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்மணி அப்படி நிற்கிறபோதே, உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. ஏனென்றால் முதல் தடவையாக நான் அது விழுகிற இடத்திலேயே இருக்கிறேன். யார் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் திரையைத் திறந்தேன். வேறு நேரத்தில் பார்த்தால் அதில் ஒன்றும் இருக்காது. இப்போது ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டாம் எடை மேடை, அங்கே எடை போடும் ஏழுமலையின் பெயர், ஒரு லாரி எண், காலி எடை.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கரும்பு லாரிக்கு இரண்டு எடை. பாரத்தோடு ஒரு முறை, இறக்கிய பிறகு காலியாக ஒரு முறை. கழித்தால் கரும்பு. காலி எடைத் திரையை ஒருவர் திறந்துவிட்டால், அவர் எடையைப் போட்டு மூடுகிற வரை அந்த லாரியின் எடைச் சீட்டை வேறு யாரும் தொட முடியாது, ஜாப்பும் தொட முடியாது. அந்தச் சீட்டின் விவசாயி கணக்கில் வந்து முட்டிக்கொண்டு ஜாப் நின்றிருக்கிறது. அது எழுதிவைத்த நீளமான புலம்பலில் எடை மேடை என்ற வார்த்தையே இல்லை. அதனால்தான் நாங்கள் அத்தனை நாளும் கணக்குப் பிரிவையே சுற்றிக்கொண்டிருந்தோம்.

ஆனால் காலி எடை போட ஒரு நிமிஷம் போதுமே. இவ்வளவு நேரம் ஏன் திறந்து கிடக்கிறது?

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் போனில் வந்துவிட்டார். கரும்பு அலுவலர் சொல்லியிருக்கிறார். "யாரு புடிச்சுட்டு இருக்காங்களோ அந்தக் கனெக்‌ஷனக் கில் பண்ணுங்க மேடம். எரிஞ்ச கரும்பு, அப்புறம் பத்திரிகைக்காரன் வந்து நிப்பான்."

கில் செய்ய, அதாவது இங்கிருந்தே வலுக்கட்டாயமாக அறுத்துவிட, எனக்கு இரண்டு பட்டன்தான். ஆனால் முன்பு ஒரு முறை கரண்ட் போய் அப்படி ஒரு திரை பாதியில் அறுந்தபோது, காலி எடை மட்டுமல்ல, பாரத்தோடு போட்ட முதல் எடையும் சேர்ந்து காணாமல் போயிருந்தது. அந்தப் புதிய மென்பொருளின் கோளாறு அது, இன்னும் சரிசெய்து தரவில்லை. லாரியில் வந்த கரும்பு இதற்குள் சாறாகிவிட்டிருக்கும். அதை எங்கே கொண்டுபோய் மறுபடி எடை போடுவது? அந்தச் சீட்டு யாரோ ஒரு விவசாயியுடையது. அவரும் ஒரு வருஷம் தண்ணீர் கட்டியவர்தான். அவர் இங்கே வந்து நிற்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"சார், நான் எடை மேடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்றேன்.

"எதுக்கு மேடம்? இங்கிருந்தே பண்ற வேலை."

"எதை வெட்டப்போறேன்னு பார்த்துட்டு வெட்டறேன் சார்."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனைக் கரும்பு அலுவலர் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன். அஞ்சலையும் பின்னாலேயே வந்தார். "இன்னாம்மா, அழிச்சிட்டா வந்துடும்னு சொன்னாங்களே, நீ எங்கம்மா போற?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். அழித்தால் இன்னொருத்தர் கரும்பு போய்விடும் என்றேன். "யாருது?" என்றார். தெரியாது என்றேன். அதன் பிறகு கேள்வியை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இரண்டாம் எடை மேடையில் லாரி இல்லை. அதற்கு முன்னால் காலி லாரிகள் வரிசையாக நின்றன, முதல் லாரியில் டிரைவர் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் திரை திறந்தபடி இருக்கிறது, நாற்காலி காலி. ஏழுமலை பின்பக்கம் புளியமர நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சிஸ்டம் அறையிலிருந்து ஒரு ஆள் அங்கே வருவது அவருக்குப் புதுசு.

"அந்தத் திரை எதுக்கு ஏழுமலை திறந்து கிடக்குது?"

"அது காதர் பாய் வண்டி மேடம். இன்னிக்கி வெள்ளிக்கெழம இல்ல, தொழுவப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு."

"அவர் வந்தப்புறம் திறந்தா ஆகாதா?"

ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையில், இது கூடவா தெரியாது என்ற ஆச்சரியம்தான் இருந்தது. "அவரு எடம் பூடுமே மேடம். கம்ப்யூட்டர்ல யாரு மொதல்ல தொறக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் அடுத்த நடை லோடு. வரிசையில நின்ன மனுசன், தொழுவப் போனதுக்காவ கடைசிக்குப் போவணுமா? அதான் தொறந்து போட்டு வெச்சிருக்கேன்."

பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டு போடுகிறோமே, அதுதான் இது. எங்கள் பெரிய மென்பொருளின் மேல் இந்த மனுஷன் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு துண்டைப் போட்டுவிட்டுச் சோறு தின்னப் போயிருக்கிறார். எனக்கு வந்த சிரிப்பை அஞ்சலையின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அந்த ஒரு வெள்ளிக்கிழமை ஏன் விழவில்லை என்றும் கேட்டுவிட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்று பாய் தங்கை மகள் கல்யாணத்துக்கு உளுந்தூர்பேட்டை போயிருந்தாராம். பாய்க்கு மட்டுமல்ல, யாருக்கு அவசரம் என்றாலும் ஏழுமலை இப்படித் திறந்து வைப்பது உண்டு. மற்றவர்கள் அவசரம் ஜாப் ஓடும் நேரத்தில் வருவதில்லை. பாய் தொழுகையும் எங்கள் ஜாப்பும் ஒரே நேரம்.

விஷயத்தைச் சொன்னேன். எரிந்த கரும்பு, மலைக்குப் போகிற ஆள்கள், சாயங்கால பஸ். ஏழுமலை கையைக் கழுவிக்கொண்டு வந்தார், ஆனால் திரைக்கு முன்னால் தயங்கி நின்றார். "மூடலாம் மேடம், நானே மூடினா முன்னாடி போட்ட எடை அழியாது. ஆனா பாய்க்கு நான் வாக்குக் குடுத்திருக்கேனே."

இந்த இடத்தில் நான் அதிகாரம் செய்திருக்கலாம். செய்திருந்தால் அவர் மூடியிருப்பார். அடுத்த வாரம் என்னை விடத் தந்திரமாக வேறு எதையாவது திறந்து வைத்திருப்பார், நானும் அதை இன்னொரு வருஷம் தேடியிருப்பேன். அதனால் வரிசையில் நின்ற டிரைவர்களிடம் போனேன். திரையை மூடுகிறோம், பாய் வந்ததும் அவரை முதலில் விடுவீர்களா என்று கேட்டேன்.

இரண்டாவதாக நின்ற சின்ன வயசு டிரைவர் முறுக்கிக்கொண்டார். "நான் எதுக்கு மேடம் காத்துக்கினு கெடக்கணும்? கம்ப்யூட்டரு யாரைக் கூப்புடுதோ அவங்க போவட்டும்."

பின்னால் இருந்த இன்னொருவர் லாரியிலிருந்து தலையை நீட்டினார். "ஏம்ப்பா, உம் பொண்ணுக்குக் காது குத்தறன்னு கச்சிராயபாளையம் ஓடுனியே, அப்ப உன் எடத்த யாரு பாத்துக்கினாங்க? பாய்தான?"

சின்னவர் அஞ்சலை பக்கம் ஒரு முறை பார்த்தார். இறங்கி வந்து, தன் லாரிச் சக்கரத்துக்கு வைக்கிற கட்டையை எடுத்துப் பாய் லாரியின் முன்சக்கரத்தடியில் வைத்தார். "பாய் வந்து எடுக்கிற வரைக்கும் இந்த வண்டியத் தாண்டி யாரும் போவ மாட்டாங்க. போ மேடம், போயி வேலையப் பாரு."

ஏழுமலை திரையை மூடினார். நான் ஓடினேன். அந்த வயசில் எனக்கு ஓடவும் வந்தது. ஜாப்பை மறுபடி எழுப்பினேன். காத்திருந்தது, நகர்ந்தது, முடிந்தது. முதல் உத்தரவே அஞ்சலை பெயரில். கரும்பு அலுவலர் போன் செய்வதற்குள் மேஸ்திரியே கூப்பிட்டுவிட்டார், எண் வந்துவிட்டதாம், பஸ்ஸை விட்டுவிட்டு வயலுக்குப் போகிறார்களாம். காலையில் முதல் பஸ்ஸுக்குள் முடித்துவிடுவோம் என்றார். அஞ்சலை என் கையைப் பிடித்தார். கரி என் கையிலும் ஒட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மேலாளர் எரருக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார். ஏழுமலைக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டால் இனி யாரும் திரையைத் திறந்து வைக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். நான் யோசித்தேன். வரிசையில் நிற்கிறவர்களுக்குள் ஒரு ஏற்பாடு காலம் காலமாக இருக்கிறது. ஒருத்தர் போனால் மற்றவர் இடத்தைப் பார்த்துக்கொள்வது. மென்பொருள் கேட்டு வாங்கியபோது நாங்கள் உரத்தைச் சொன்னோம், விதைக்கரும்பைச் சொன்னோம், இதைச் சொல்லவில்லை. மென்பொருளில் இடமில்லாததால் ஏழுமலை இருக்கிற ஒரு திரையை வைத்து அதைச் சமாளித்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில், "டிரைவர் தொழுகைக்கோ வேறு அவசரத்துக்கோ வெளியே போகும்போது வரிசையில் இடம் காக்க வழி இல்லை, செய்து தர வேண்டும்" என்று எழுதினேன். முதல் எடை அழிகிற கோளாறையும் சேர்த்து எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, "தொழுகைக்குப் போனாங்கன்னு எரர் ரிப்போர்ட்ல எழுதற முதல் ஆள் நீங்கதான்" என்றார். மெமோ போகவில்லை. வழி செய்து தர அவர்களுக்குச் சில மாதம் பிடித்தது, அதுவரை ஜாப் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம்.

மறுநாள் அஞ்சலையின் கரும்பு வந்தது. வரிசையில் முதலில் நின்றதால் அந்த நடை காதர் பாய்க்கே போயிருந்தது. பாரம் முழுக்கக் கறுப்பு, பாய் முகமும் கறுப்பு. அஞ்சலை முன்சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தார். முதல் எடை ஏறியது. கரும்பு இறங்கியது. பாய் லாரியைக் கொண்டுவந்து காலி வரிசையில் நிறுத்திவிட்டு முகம் கழுவக் குழாய்ப் பக்கம் நடந்தார். அவ்வளவுதான், எடை மேடை ஜன்னலில் டீயோடு நின்றிருந்த அஞ்சலை ஆலை வளாகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"பாய்! எங்க போற? அந்த ரெண்டாவது எடையப் போட்டுட்டு அப்புறம் தொழுவப் போ!"

பாய் பதறிப்போய் நின்றார். பிறகு சிரித்துவிட்டார். "இன்னிக்கி சனிக்கெழமம்மா. மூஞ்சி கழுவத்தான் போறேன்."

"மூஞ்சி எங்க போவுது? மொதல்ல எடையப் போடு."

பாய் ஈர முகத்தோடு வந்து லாரியை மேடையில் ஏற்றினார். ஏழுமலை காலி எடையைப் போட்டு, திரையை மூடிவிட்டு, மூடிவிட்டதாக அஞ்சலைக்குத் திருப்பியும் காட்டினார். சீட்டு வெளியே வந்தது. அஞ்சலை அதைக் கையில் வாங்கி, என்னிடம் நீட்டி, "ரெண்டு எடையும் இருக்குதா, பாரும்மா" என்றார். இரண்டும் இருந்தது. அதன் பிறகுதான் அவர் அந்த டீயைக் குடித்தார்.